பெரியவங்களைப் போராட்டத்துக்கு அனுப்பலாமா?

எங்கள் வட்டாரத்தில் யார் எதற்காகக் கத்துவதென்றாலும் என்னிடம்தான் மைக் செட் எடுக்க வேண்டும். சம்பளத்தை ஏற்று என்று கத்துகிறவர்களுக்கும் நான்தான் போடுவேன். ஏற்ற முடியாது என்று பதில் கூட்டம் போடுகிறவர்களுக்கும் நான்தான் போடுவேன். மைக்குக்குக் கட்சி கிடையாது. எனக்கும் கிடையாது. வாய் மட்டும் உண்டு, அது கொஞ்சம் நீளம் என்பாள் என் அக்கா. அவள் வாயை அளக்க இன்னும் டேப் கண்டுபிடிக்கவில்லை என்று நான் பதிலுக்குச் சொன்னால் மட்டும் இரண்டு நாள் பேச மாட்டாள்.

அக்கா பள்ளிக்கூட டீச்சர். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். தலைவர் யாரென்றால் பல் டாக்டர். பகல் முழுக்க மற்றவர்களை வாயைத் திற, திற என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் சங்கத்தில் தன் வாயைத் திறப்பார். அது லேசில் மூடாது.

என் வீட்டுக்குள் வந்து பார்த்தால்தான் இந்தக் கதை புரியும். முதல் மாடி, இரண்டே அறை. கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். அலமாரி மேல் கூம்பு ஸ்பீக்கர்கள். கட்டிலுக்கடியில் ஒயர் சுருள். இவற்றுக்கு நடுவே என் வீட்டுக்காரர், நான், எங்கள் மகள் பட்டாணி. எட்டு வயது. பிறந்தபோது உருண்டையாக இருந்ததால் அந்தப் பெயர். இப்போது ஒல்லிதான், ஆனால் கீழே போட்டால் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாத விஷயத்தில் பெயர் இன்னும் பொருந்துகிறது.

வீட்டுக்குள் அவள் ஒரு பந்தை உருட்டினால் அது ஆம்ப்ளிஃபயரில் முட்டித்தான் நிற்கும். அப்புறம் நான் கரடியாகக் கத்திவிட்டுத்தான் நிற்பேன். ஓட, விழ, சண்டை போட அவளுக்கு இருந்த ஒரே இடம் எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்த மைதானம். மைதானம் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு சறுக்குமரம், துருப்பிடித்த சங்கிலியில் இரண்டு ஊஞ்சல், ஒரு பெரிய மரம், மிச்சமெல்லாம் புழுதி.

அந்தப் புழுதியில் கார் நிறுத்தலாமே என்று நகராட்சிக்கு யோசனை போய்விட்டது. அங்கே குழந்தைகள் யாரும் வருவதில்லை என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ தெரியாது. சனிக்கிழமை காலை என்ஜினியர் நேரில் வந்து பார்ப்பார், அவர் சொல்வதுதான் முடிவு என்று தகவல் வந்தது. சங்கம் கொதித்தது. அதே சனிக்கிழமை காலை, அதே மைதானத்தில் போராட்டம் என்று அறிவித்தாயிற்று. மைக் என் உபயம்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா, கூடாதா?

பல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் உட்காருகிற நாற்காலிகளில் உட்கார்ந்து இதைப் பேசினோம். அக்கா எழுந்து நின்றாள். அவள் எழுந்து நின்றாலே எதிரில் இருப்பவர்கள் வகுப்பில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுவார்கள்.

"மைதானம் யாரோடது? பிள்ளைங்களோடது. அப்ப யாரு முன்னாடி நிக்கணும்? அவங்களுக்கும் ஒரு குரல் இருக்குல்ல?"

"இருக்கு. யாரு இல்லேன்னா?" என்று நானும் எழுந்தேன். "அந்தக் குரல்ல அவங்க நினைக்கறதைப் பேச விட்டா சரி. நீங்க எழுதிக் குடுத்ததைக் கத்த விடறதுக்குப் பேரு குரலாக்கா?"

"ஏன்டீ, நான் எதைச் சொன்னாலும் குறுக்கே விழுவியா?"

நான் குறுக்கே விழவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன். ஒரு ஊர்வலத்துக்கு மைக் போடப் போயிருந்தேன். முன்வரிசையில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று தன்னைவிடப் பெரிய அட்டையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றது. இதில் என்னம்மா எழுதியிருக்கு என்று கேட்டேன். தெரியாது ஆன்ட்டி, பிடிச்சா ஐஸ் தரேன்னாங்க என்றது. ஐஸும் தந்தார்கள். அப்புறம் போட்டோ எடுக்க ஒருத்தன் வந்து, அழு பாப்பா, அழு என்றான். கையில் ஐஸ் இருக்கும்போது எந்தக் குழந்தை அழும்? ஐஸைப் பிடுங்கினார்கள். அழுதது. மறுநாள் பேப்பரில் 'உரிமைக்காகக் கண்ணீர்' என்று படம் வந்தது. அந்த ஆளை அன்றைக்கே மைக் ஸ்டாண்டால் நாலு போட்டிருக்க வேண்டும். போடாததுதான் இன்றுவரை ஆறவில்லை.

"என் பொண்ணை யாரும் படத்துக்கு நிறுத்தக் கூடாது. அவ்வளவுதான்" என்றேன். சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்துவிட்டது. கூட்டம் என் பக்கம் சாய்ந்ததற்கு என் நியாயத்தைவிட அதுதான் காரணம் என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள்.

பல் டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்றார். பல்லைப் பிடுங்கலாமா வேண்டாமா என்று கேட்டாலும் அதையேதான் சொல்வார்.

கை தூக்கச் சொன்னார்கள். நான் ஜெயித்தேன். ஒரு குழந்தைகூட அன்றைக்கு மைதானத்தில் தலைகாட்டக் கூடாது, எல்லோரையும் என் வீட்டில் விட்டுவிட வேண்டும், என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்று தீர்மானம். அவரை யாரும் கேட்கவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவுப் பணி முடித்து அன்று காலைதான் வருவார். வாயில்லாப் பூச்சி.

வாசல் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை நீண்டது. பட்டாணி.

"அம்மா, எங்களை யாரும் கேக்கவே இல்லையே?"

"நீ சும்மா இரு. உனக்காகத்தான் தொண்டை வலிக்கப் பேசிட்டிருக்கேன்" என்றேன்.

சனிக்கிழமை வந்தது. பிள்ளைகளை எல்லாம் வீட்டுக்குள் தள்ளி, கூம்பு ஸ்பீக்கரைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று அன்பாக எடுத்துச் சொல்லிவிட்டு இறங்கினேன். என் வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்து, "நான் பாத்துக்கறேன், நீ போ" என்றார். கடைசி எழுத்தைச் சொல்லும்போதே கண் மூடியிருந்தது.

எங்கள் ஜனங்களைக் குறை சொல்லக் கூடாது, மைதானம் நிரம்பி வழிந்தது. முட்டிவலிக்காரரான கண்ணாடிக் கடைக்காரர் 'எங்கள் ஓட்டப்பந்தயத்தைத் தடுக்காதே' என்ற அட்டையைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். அக்கா மைக்கைப் பிடித்தாள்.

"மைதானம் வேண்டும்!"

"வேண்டும்! வேண்டும்!"

"கார் நிறுத்தம் வேண்டாம்!"

"வேண்டாம்! வேண்டாம்!"

இங்கே ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். கத்தி ருசி கண்ட கூட்டம் மைக்கில் எது வந்தாலும் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை நடுப் போராட்டத்தில், மைக் திறந்திருப்பது தெரியாமல், "ஒயர் அறுந்துடுச்சு" என்று சொல்லிவிட்டேன். முன்னூறு பேர் கையை உயர்த்தி "அறுந்துடுச்சு! அறுந்துடுச்சு!" என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. வாய் ஒரு தாளத்தில் ஓட ஆரம்பித்துவிட்டால் மூளை பின்னால் நடந்துதான் வரும்.

என்ஜினியர் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் குடை, முகத்தில் தூக்கம். கூட்டத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஊஞ்சலில் இருந்த கண்ணாடிக் கடைக்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

"குழந்தைங்க எங்க?" என்றார்.

பல் டாக்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஒருத்தரைக்கூட உள்ள விடல சார்! தீர்மானம் போட்டுத் தடுத்துட்டோம்!" என்றார்.

"ஓ. அப்ப இங்க குழந்தைங்க வர்றதில்ல."

"வருவாங்க சார். தினமும் வருவாங்க. இன்னிக்கு மட்டும்..."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. நான் வந்து பாக்கறப்ப என்ன இருக்கோ அதைத்தானே சொல்ல முடியும்? இது பெரியவங்க மீட்டிங் போடற இடம்னு தெரியுது. மீட்டிங்குக்கு வர்றவங்களும் எங்கயாவது காரை நிறுத்தணும்ல?"

நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்ற கதை. அக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேட்டிருக்கிறேன். நான் சொந்த வாயாலேயே வைத்துக்கொண்டேன். நாளை முதல் என் மகள் எங்கே ஓடுவாள்? இரண்டு ஸ்பீக்கர் பெட்டிக்கு நடுவிலா?

"சார், சறுக்குமரம் எல்லாம் நல்லா புழக்கத்துல இருக்கு, பாருங்க!" என்று கத்திக்கொண்டே பல் டாக்டர் ஏணியில் ஏறினார். உட்கார்ந்தார். சறுக்கினார். பாதி வழி வந்ததும் நின்றுவிட்டார். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் ஒரு காலையும் அக்கா ஒரு காலையும் பிடித்து இழுத்தார்கள். "மெதுவா, மெதுவா, வலிக்கும்!" என்றார் டாக்டர். "கொஞ்சமாத்தான் வலிக்கும்னு நீங்கதானே எங்ககிட்ட எப்பவும் சொல்வீங்க?" என்றார் கடைக்காரர்.

அந்த நேரத்தில்தான் ஸ்பீக்கர் கரகரத்தது.

"ஹலோ, ஹலோ. மைக் டெஸ்டிங். எல்லாரும் உக்காருங்க. கூட்டம் ஆரம்பிக்குது."

பட்டாணியின் குரல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒயரில்லா மைக் என்னிடம் இரண்டு உண்டு. ஒன்று அக்கா கையில். இன்னொன்றை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வந்திருந்தேன். கூம்பு ஸ்பீக்கரைத் தொடாதே என்றுதான் சொல்லியிருந்தேன், மைக்கைத் தொடாதே என்று சொல்லவில்லை. என் பெண்ணாயிற்றே, சொன்ன சொல்லை மீற மாட்டாள்.

"இன்னிக்குத் தலைப்பு," என்றது ஸ்பீக்கர், "பெரியவங்களைப் போராட்டத்துக்கு அனுப்பலாமா, கூடாதா?"

நான் ஆம்ப்ளிஃபயரை அணைக்கப் பாய்ந்தேன். "இருங்க, இருங்க. கேக்கலாம்" என்று என்ஜினியர் குடையைக் குறுக்கே நீட்டினார். தூக்கம் போயிருந்தது அவர் முகத்தில்.

"நான் சொல்றேன்" என்றது இன்னொரு குரல். அது எதிர்வீட்டு ரெட்டைச் சடை. "அனுப்பவே கூடாது. அவங்களுக்கு வெயில் ஒத்துக்காது. எங்கப்பாவுக்கு பிரஷர் இருக்கு. போய் நின்னா மயக்கம் வரும். அப்புறம் யாரு தூக்கிட்டு வர்றது?"

"அதுவும் இல்லாம அவங்களுக்குள்ளயே சண்டை போட்டுப்பாங்க" என்றது மூன்றாவது குரல். "எங்க வீட்ல தினமும் நடக்குது."

"யாரோ சொல்றதை அப்படியே கத்துவாங்க. என்ன கத்தறோம்னு அவங்களுக்கே தெரியாது. பாவம்" என்றாள் பட்டாணி. பிறகு குரலை உயர்த்தினாள். "அதனால பெரியவங்க போராட்டத்துக்கு வரக் கூடாது!"

கை தானாக உயர்ந்தது. என் கை இல்லை, மைதானம் முழுக்க எல்லோர் கையும்.

"கூடாது! கூடாது!"

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது!"

"தெரியாது! தெரியாது!" சறுக்குமரத்தில் சிக்கியிருந்த பல் டாக்டர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினார்.

அவருடைய மகன் குரல் அடுத்து வந்தது. ஏழு வயது, அப்பாவின் அச்சு. தொண்டையைச் செருமிக்கொண்டான். "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு."

என்ஜினியர் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டார். குடை குலுங்கியது.

நான் படியேறி ஓடினேன். கதவு உள்ளே தாழ். படிப்பக்க ஜன்னல் வழியாக என் வீட்டுக்காரர் சோபாவில் வாயைப் பிளந்து தூங்குவது தெரிந்தது. இடி விழுந்தாலும் எழுந்திருக்காத ஜன்மம்.

"பட்டாணி! கதவைத் திறடி!"

"கூட்டம் நடக்குதும்மா. குறுக்க பேசக் கூடாது."

"செல்லமில்ல, கண்ணில்ல, திறம்மா!"

கீழே மைதானத்திலிருந்து, "திறம்மா! திறம்மா!" என்று முழக்கம் கேட்டது. அவள் மைக்கைக் கதவருகே கொண்டுவந்துவிட்டாள். நான் கெஞ்சுவது ஊருக்கே கேட்டுக்கொண்டிருந்தது. தொழில்காரிக்கு இதைவிட வேறென்ன கேவலம் வேண்டும்?

"எல்லாரும் கீழ வாங்க. உடனே" என்றேன்.

"நீதானே வரக் கூடாதுன்னு தீர்மானம் போட்டே?"

"போட்டேன். இப்ப வாங்க."

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவாகக் கேட்டாள்.

"எதுக்கும்மா? போட்டோவுக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஐஸைப் பிடுங்கியவனை இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அவன் நின்ற இடத்தில் நானே நின்றுகொண்டு, வா, வந்து நில் என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மைக் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று உள்ளதைச் சொன்னேன்.

"பட்டாணி, மைதானம் போயிடும் போலிருக்குடி. உங்களை உள்ள வச்சுப் பூட்டினதால, இங்க பிள்ளைங்களே இல்லேன்னு அந்த சார் நினைச்சுட்டாரு. தப்பு என்னோடது. என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க, என்ன பண்ணலாம்?"

உள்ளே குசுகுசுவென்று பேச்சு. ரெட்டைச் சடை ஏதோ மறுத்தாள். யாரோ யாரையோ கிள்ளினார்கள், "ஆ!" என்று ஒரு சத்தம். அப்புறம் தாழ்ப்பாள் நகர்ந்தது.

"நாங்க போராட வரல" என்றாள் பட்டாணி. "இன்னிக்கு சனிக்கிழமை. விளையாட வரோம். பெரியவங்களை எல்லாம் ஓரமா போகச் சொல்லு. அட்டையெல்லாம் எடுத்துடச் சொல்லு, கால்ல குத்தும்."

சொல்லி முடிக்கவில்லை, என் தோளை இடித்துக்கொண்டு மூட்டை அவிழ்ந்த மாதிரி அத்தனையும் படியில் உருண்டோடின. கீழே போய்ப் பார்க்கிறேன், அக்கா ஏற்கெனவே கூட்டத்தைச் சுவரோரமாக வரிசைகட்டி நிறுத்தியிருந்தாள். பல் டாக்டரைப் பிள்ளைகளே மேலிருந்து ஒரு தள்ளு தள்ளி விடுவித்தார்கள். அவர் எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டு, பேச வாயைத் திறந்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வாய் தானாக மூடியது.

பட்டாணி நேராக என்ஜினியரிடம் போனாள்.

"அங்கிள், நீங்க சும்மாதானே நிக்கறீங்க? கண்ணாமூச்சிக்கு ஒரு ஆள் குறையுது. நீங்க கண்டுபிடிக்கணும். போய் மரத்துல முகத்தை வச்சுக்குங்க. ஏமாத்தக் கூடாது."

அந்த மனிதருக்கு என்ன தோன்றியதோ, குடையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் மரத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டார். சத்தமாக எண்ணினார். எண்ணி முடித்துத் திரும்பினார். மைதானத்தில் ஒரு பிள்ளை இல்லை.

"யாரையும் காணோமே!" என்றார்.

குழந்தைகள் இல்லை என்று சொல்ல வந்த மனிதர் அப்போது குனிந்தும் நிமிர்ந்தும் குழந்தைகளைத் தேடிக்கொண்டிருந்தார். சறுக்குமரத்துக்கு அடியில் இரண்டு பேர். குப்பைத் தொட்டிக்குப் பின்னால் ஒருத்தன். கண்ணாடிக் கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் வரிசையாக மூன்று பேர், அவருக்கே தெரியாமல். டாக்டர் மகனை மரக்கிளையில் பார்த்துவிட்டு, "நான் பாத்துட்டேன், இறங்கு" என்றார். "நீங்க பாத்தீங்கன்னு நீங்க சொல்றீங்க, இல்லேன்னு நான் சொல்றேன், ரெண்டு பக்கமும்..." என்று அவன் ஆரம்பித்தான். "இறங்குடா!" என்றார் என்ஜினியர்.

எல்லோரும் கிடைத்தார்கள், பட்டாணி மட்டும் கிடைக்கவில்லை. மனிதர் வியர்த்து விறுவிறுத்து, முழங்காலெல்லாம் புழுதியாக என்னிடம் வந்து, எங்கே என்று கண்ணாலேயே கேட்டார். எனக்குத் தெரியும். மைதானத்தில் வைத்திருந்த என் பழைய ஸ்பீக்கர் பெட்டி ஒன்று உள்ளே காலி. செட்டைப் பெரிதாகக் காட்டுவதற்காக வெறும் பெட்டியையும் கொண்டுவந்து வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். அதன் வலைக்குப் பின்னால் இரண்டு கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. நீள வாய்க்காரியான நான் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. இவரைக் கெஞ்ச வேண்டும், மைதானத்தை விட்டுவிடுங்கள் என்று காலில் விழ வேண்டும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அது எதுவும் அப்போது நினைவில் இல்லை. அவள் ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

"தோத்துட்டேம்மா! வெளிய வா!" என்று கத்தினார் என்ஜினியர்.

பெட்டியைத் திறந்துகொண்டு வந்தாள். மைதானமே அதிர்ந்தது. யாரும் மைக்கில் சொல்லித் தரவில்லை.

என்ஜினியர் குடையை வாங்கிக்கொண்டார். மூச்சு வாங்க அக்காவிடம் சொன்னார். "இங்க கார் எல்லாம் நிறுத்த முடியாதுங்க. ஆனா இடம் சரியில்ல. ஒளியறதுக்கு இன்னும் நாலு புதர் வேணும். அதையும் எழுதறேன்."

மைதானம் பிழைத்தது. புதரும் வந்தது. கூடவே ஒரு பலகையும் வந்தது: இங்கே பெரியவர்கள் கூட்டம் போடக் கூடாது. எனக்கு ஒரு வாடகை இடம் போச்சு. போகட்டும்.

அதற்கப்புறம் எங்கள் தெருமுனையில் பஸ் நிற்பதில்லை என்று ஒரு போராட்டம் வந்தது. மைக்கைத் தூக்கிக்கொண்டு அக்காவோடு கிளம்பினேன். வாசலில் பட்டாணி செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள்.

"நீ எங்கடி?"

"அன்னிக்கு எங்க கூட்டத்துல நீ பாதியில கதவைத் தட்டிட்டே. தீர்மானத்தை அப்புறமா போட்டோம். பெரியவங்க போராட்டத்துக்குப் போகலாம். ஆனா துணைக்கு ஒரு குழந்தை இருக்கணும்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அத்தனை சண்டை போட்ட இரண்டு பேரும் ஒன்றாக நகர்ந்து அவளுக்கு வழி விட்டோம்.

வழியில் பட்டாணி கேட்டாள். "என்ன கத்தப் போறேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். பஸ் நம்ம முனையில நிக்கணும்."

"சரி, தெரிஞ்சா கத்தலாம். வெயில் அடிச்சா சொல்லு, வீட்டுக்குப் போயிடலாம். போட்டோவுக்கு யாராவது அழச் சொன்னா என்கிட்ட சொல்லு."

முனையில் நல்ல கூட்டம். நெரிசலுக்குள் நுழைவதற்கு முன்னால் அவள் நின்று என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கையை விட்டுடாதே" என்றாள். "தொலைஞ்சு போயிடுவே."

மைக்கை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன். கூட்டம் முடிகிறவரை அந்தக் கையை விடவில்லை. திரும்பும்போது, அழாமல் நின்றதற்காக எனக்கு ஐஸ் வாங்கித் தந்தாள். காசு என்னுடையதுதான்.